இசட் டிரைவும் யாரோ போட்ட கொள்கையும்

வாசகர் கேள்வி (சுருக்கமாக): பன்னிரண்டு பேர் வேலை செய்யும் எங்கள் அலுவலகத்தில் கணினிகளை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். இதற்கென்று படித்தவன் இல்லை. எல்லாக் கோப்புகளும் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. எல்லாக் கணினியிலும் அது இசட் டிரைவாகத் தெரியும், பாஸ்வேர்ட் கிடையாது. சமீபத்தில் அப்டேட் ஆன இரண்டு கணினிகளில் மட்டும் இசட் திறக்கவில்லை. ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் நுழைவைத் தடுக்கிறது’ என்று வந்தது. நாங்கள் எந்தக் கொள்கையும் போடவில்லை! வந்து பார்த்த டெக்னீஷியன் எல்லாக் கணினியிலும் எஸ்எம்பி1-ஐ இயக்கினார், இன்னும் ஏதோ ஓர் அமைப்பையும் மாற்றினார். திறந்துவிட்டது. ஆனால் தினமும் காலையில் இசட் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறது. பேக்கப் மென்பொருள், இசட் என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது. இதையெல்லாம் விட, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாத, இரவோடு இரவாகத் தானே மாறிக்கொள்ளும் ஒரு மென்பொருளை எப்படி நம்புவது? எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடலாமா?

பதில்:

முதலில் எஸ்எம்பி1-ஐ அணையுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

எஸ்எம்பி என்பது விண்டோஸும் நாஸும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளப் பேசும் மொழி. அதன் முதல் பதிப்பு 1980-களைச் சேர்ந்தது. விண்டோஸில் அந்தப் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டையை அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பு தனக்கென்று வைத்திருந்தது. அந்த ஓட்டையைப் பயன்படுத்த அது செய்த கருவி 2017 ஏப்ரலில் வெளியே கசிந்தது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் வரை முடக்கியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 புதிய கணினிகளில் முழுமையாக நிறுவப்படுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் கணினியிலும் பதினைந்து நாள் யாரும் பயன்படுத்தாவிட்டால் தானே நீங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அதைத் தேடிப்பிடித்து உங்கள் எல்லாக் கணினியிலும் மறுபடி ஏற்றியிருக்கிறார் உங்கள் டெக்னீஷியன்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் டிரைவ் திறந்ததற்கும் எஸ்எம்பி1-க்கும் சம்பந்தமே இல்லை. அவர் மாற்றிய அந்த ‘இன்னும் ஏதோ ஓர் அமைப்பு’தான் வேலை செய்தது, அது பாதுகாப்பற்ற கெஸ்ட் நுழைவை, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைவதை, அனுமதிக்கும் அமைப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது மருந்து, எது விஷம் என்று அவருக்கும் தெரியாமல் போய்விட்டது. கோளாறு பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, யார் அந்த ‘நிறுவனம்’? உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பெரிய நிறுவனங்களின் ஊழியர்களை மனதில் வைத்து எழுதிய வாசகம் அது. அதே வாசகத்தைப் பன்னிரண்டு பேர் அலுவலகத்திலும் காட்டுகிறார்கள். கொள்கையைப் போட்டது மைக்ரோசாஃப்ட். 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ கணினிகளுக்கு இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, எஸ்எம்பி இணைப்பில் ஒவ்வொரு செய்தியும், வழியில் யாரும் அதை மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தோடு வர வேண்டும். இரண்டு, கெஸ்டாக நுழைவது இயல்பாகவே நிறுத்தப்பட்டது. இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. கையொப்பம் போடத் தேவையான சாவி, நீங்கள் பாஸ்வேர்டோடு நுழையும்போதுதான் உருவாகிறது. கெஸ்டுக்கு பாஸ்வேர்ட் இல்லை, எனவே சாவியும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஆகவே உங்கள் டெக்னீஷியன் கெஸ்ட் தடையோடு இந்தக் கையொப்பக் கட்டாயத்தையும் தளர்த்தியிருக்க வேண்டும். அப்டேட் ஆகாத கணினிகளுக்கு இந்த விதி இன்னும் வரவில்லை. அதனால்தான் இரண்டு மட்டும் மக்கர் செய்தன.

மாற்றத்தை நான் ஆதரிக்கிறேன். அதைச் சொன்ன விதத்தை அல்ல. உங்கள் வைஃபையில் இணையும் யாரும், உங்கள் கணினி எதிலாவது நுழையும் எந்தக் கெட்ட நிரலும் அந்தப் பெட்டியில் உள்ள அத்தனை கோப்புகளையும் அழித்துவிட முடியும் என்ற நிலையில்தான் இவ்வளவு நாள் இருந்திருக்கிறீர்கள்.

ஆகவே, செய்ய வேண்டியது கெஸ்டைத் திரும்பத் திறப்பது அல்ல. நாஸ் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஆளுக்கொரு கணக்கு உருவாக்குங்கள். அங்கேயே எஸ்எம்பி-யின் குறைந்தபட்சப் பதிப்பு 2 என்றும் அதிகபட்சம் 3 என்றும் வையுங்கள். ஒவ்வொரு கணினியிலும் பழைய இசட் இணைப்பைத் துண்டித்து, ஒருமுறை லாக்-ஆஃப் செய்து, புதிய பெயர், பாஸ்வேர்டோடு இணையுங்கள். லாக்-ஆஃப் ஏன் என்றால், ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போக விண்டோஸ் விடாது. பழைய கெஸ்ட் இணைப்பு பின்னணியில் ஒட்டிக்கொண்டிருந்தால், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் பிழை 1219 வரும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பாஸ்வேர்ட் தப்பு என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணினியைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது என்பதையும் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். எல்லாம் ஓடிய பிறகு கெஸ்ட் அமைப்பையும் கையொப்ப அமைப்பையும் பழைய நிலைக்கு மாற்றுங்கள்.

இனி வேறு கோளாறு வந்தால் டெக்னீஷியன் இல்லாமலே நீங்களே எங்கே என்று கண்டுபிடிக்கலாம். ஒரு நெட்வொர்க் டிரைவ் திறக்கும்போது உள்ளே நடப்பது வரிசையான ஓர் உரையாடல். முதலில் உங்கள் கணினி பெட்டியின் போர்ட் 445-ஐ, அதாவது எஸ்எம்பி-க்கான வாசலை, தட்டுகிறது. கதவு திறந்தால், ‘எந்தப் பதிப்பில் பேசலாம்’ என்று இருவரும் முடிவுசெய்கிறார்கள். அப்புறம் ‘நீ யார்’ என்ற கேள்வி. அடுத்து ‘எந்த ஷேர் (பகிர்ந்து வைத்த ஃபோல்டர்) வேண்டும்’. கடைசியாகத்தான் குறிப்பிட்ட கோப்பு. ஒவ்வொரு படியும் தனித்தனியாக உடையும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பிழை எண் உண்டு. எக்ஸ்ப்ளோரர் காட்டும் பெட்டிச் செய்திகள் எதையும் தெளிவாகச் சொல்லாது. கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் கட்டளையால் இணைத்துப் பாருங்கள், எண் கிடைக்கும்.

53 வந்தால் முதல் படியே நடக்கவில்லை. பெட்டி அணைந்திருக்கிறதா, பெயர் தவறாகப் போகிறதா, ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்துத் திறந்தால் கோளாறு பெயரைத் தேடுவதில் இருக்கிறது. நாஸைத் தொட வேண்டாம். பிங் பதில் தரவில்லை என்று மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், பிங்கைத் தடுத்துவிட்டு 445-ஐத் திறந்து வைத்திருக்கும் பெட்டிகள் ஏராளம். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையைப் போர்ட் 445-ஓடு கொடுத்தால் நேரான பதில் வரும். ரூட்டர் மாற்றியபிறகோ பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ விண்டோஸ் உங்கள் நெட்வொர்க்கைப் ‘பொது’ என்று குறித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ‘நெட்வொர்க்’ பக்கத்தில் மற்ற கணினிகள் திடீரென்று காணாமல் போவதற்கு அது பெரிய காரணம்.

1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. பெரும்பாலும் விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்ட் உட்கார்ந்திருக்கும். அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுங்கள். 67 வந்தால் பெட்டி கிடைத்துவிட்டது, அந்தப் பெயரில் ஷேர் இல்லை, எழுத்துப்பிழையாக இருக்கலாம். 5 வந்தால் நீங்கள் யாரென்று தெரிந்துவிட்டது, அனுமதிதான் இல்லை. இதில் ஒரு குழப்பம் உண்டு: விண்டோஸில் ஷேருக்கு ஓர் அனுமதி, அடியிலுள்ள ஃபோல்டருக்கு இன்னோர் அனுமதி. இரண்டில் எது கறாரோ அதுவே செல்லும். ஷேரில் ‘எல்லாருக்கும் முழு உரிமை’ கொடுத்துவிட்டேனே என்று புலம்புபவர்கள் ஃபோல்டரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இணைப்பு கிடைத்துவிட்டால் கெட்-எஸ்எம்பிகனெக்ஷன் என்ற பவர்ஷெல் கட்டளை, எந்தப் பெயரில், எந்தப் பதிப்பில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று காட்டும். 3.1.1 என்று வந்தால் நிம்மதி. கெஸ்ட் என்ற பெயரோ, ஒன்றில் தொடங்கும் எண்ணோ தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

சிவப்புப் பெருக்கல் குறி பெரும்பாலும் பார்வைக்கு மட்டும்தான் தொல்லை. நீங்கள் லாக்-இன் செய்யும் நொடியில் விண்டோஸ் இசட்டை இணைக்கப் பார்க்கிறது. வைஃபை அப்போது எழுந்தே இருக்காது. முயன்று தோற்று, குறி போட்டுவிட்டுப் போய்விடும். சொடுக்கினால் திறக்கிறதென்றால் கவலை இல்லை. கேபிள் வழியாக இணைப்பது நல்ல தீர்வு. அல்லது லாக்-இன் ஆகி அரை நிமிடம் கழித்து இசட்டை இணைக்கும்படி டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு சின்ன வேலையைப் போடுங்கள். என்னைக் கேட்டால் டிரைவ் எழுத்தையே விட்டுவிட்டு, பெட்டியின் பெயரையும் ஷேரின் பெயரையும் கொண்ட முழுப் பாதைக்கு ஒரு ஷார்ட்கட் வைப்பேன். ஆனால் உங்கள் எக்செல் கோப்புகளுக்குள் ‘இசட்’ என்று தொடங்கும் இணைப்புகள் எத்தனை இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். அவை அத்தனையும் அறுந்துபோகும்.

பேக்கப் மென்பொருள் சொல்வது பொய் இல்லை. டிரைவ் எழுத்து கணினிக்குப் பொதுவானது என்று நாம் நினைக்கிறோம். அது லாக்-இன் செய்த ஆளுக்குச் சொந்தம். பேக்கப் நிரல் வேறொரு கணக்கில், பின்னணிச் சேவையாக ஓடுகிறது. அதன் உலகத்தில் இசட் கிடையாது. ‘அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு’ என்று திறக்கும் ஜன்னல்களில் இசட் தெரியாமல் போவதும் இதன் உறவுக்காரக் கோளாறுதான். பேக்கப் அமைப்பில் முழுப் பாதையையும், அதற்கென்று தனியாக ஒரு நாஸ் கணக்கையும் கொடுங்கள். பேக்கப் போய்ச்சேரும் இடம் இந்த ஷேரிலேயே எல்லாரும் எழுதக்கூடிய ஃபோல்டர் என்றால் மாற்றியாக வேண்டும். ரான்சம்வேர் வந்தால் இணைந்திருக்கும் டிரைவ்களையும் சேர்த்துத்தான் பூட்டும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. மூடிய மென்பொருளை நம்பலாமா என்று கேட்கும் பலரும், உள்ளே பார்க்க முடியாவிட்டால் ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் நாஸ் பெட்டியே இதற்கு எதிர்ச்சாட்சி. அதற்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸும், அதன்மேல் எஸ்எம்பி பேசும் திறந்த மூல நிரலான (மூல நிரலை யாரும் படிக்கலாம்) சாம்பாவும்தான். 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் சாம்பாவை எழுதத் தொடங்கியபோது அவர் கையில் யாருடைய மூல நிரலும் இல்லை. கம்பியில் போகும் வரும் பாக்கெட்டுகளைப் பார்த்தே அந்த மொழியைக் கற்றார். பிரெஞ்சு தெரியாதவர் பாரிஸ் கஃபே ஒன்றில் உட்கார்ந்து, மற்றவர்கள் என்ன சொல்லி என்ன வாங்குகிறார்கள் என்று கவனித்து மொழி கற்பதைப் போன்றது என்று பின்னாளில் அவரே அதை விளக்கினார். மைக்ரோசாஃப்ட் ஆவணங்களைத் தந்தது மிகத் தாமதமாக. ஐரோப்பிய ஆணையம் 2004-இல் உத்தரவிட்டு, 2007-இல் நீதிமன்றம் அதை உறுதிசெய்த பிறகு, அந்த டிசம்பரில் பத்தாயிரம் யூரோ கட்டணத்தில் சாம்பா குழுவுக்கு அவை கிடைத்தன. இன்று எஸ்எம்பி-யின் முழு விவரணையை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே யாரும் இலவசமாகப் படிக்கலாம். நெட்வொர்க்கில் போவதைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலை ஓடவிட்டு, நான் மேலே சொன்ன உரையாடலை வரிக்கு வரி உங்கள் திரையிலும் பார்க்கலாம். ஒரு மூடிய நிரல் யாரோடு பேசுகிறது, எப்போது பேசுகிறது, எந்தக் கோப்பைத் தொடுகிறது என்பதெல்லாம் வெளியிலிருந்தே தெரியும். தெரியாதது அதன் எண்ணம் மட்டும்.

திறந்த மூலம் என்றால் ஓட்டை இருக்காது என்பதும் இல்லை. வானாக்ரை பரவிய அதே 2017 மே மாதத்தில், பன்னிரண்டு நாள் கழித்து, சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டைக்குப் பேட்ச் வந்தது. 2010-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து அது அங்கே இருந்தது. ஏழு வருடம் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய நிரலில்! அதைப் பயன்படுத்தத் தேவையானது எழுதும் அனுமதியுள்ள ஒரு ஷேர். பாஸ்வேர்ட் இல்லாத உங்கள் இசட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகத்தைப் பதறவைத்த எக்ஸ்இசட் கதையும் அப்படித்தான். கோப்புகளைச் சுருக்கும் அந்தத் திறந்த மூல நிரலுக்குள் ரகசிய நுழைவழி ஒன்றை வைத்திருந்தார்கள்: பொறியை இயக்கும் துணுக்கு, எல்லாரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் செருகப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைப் பிடித்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாக்-இன் அரை நொடி தாமதமாகிறதே என்று வெளியிலிருந்து சந்தேகப்பட்டதில்தான் தொடக்கம். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில்! ஆனால் சந்தேகம் வந்தபின் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. திறந்த மூலத்தின் உண்மையான பலம் அந்த இடத்தில் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எனவே நான் பார்ப்பது வேறு இரண்டு. இந்த நிரல் கெட்டுப்போனால் எனக்கு எவ்வளவு சேதம்? இதற்கு இன்னும் யாராவது பேட்ச் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா? இந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் அலுவலகத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது விண்டோஸ் அல்ல, மூலையில் இருக்கும் அந்த நாஸ். அடியில் திறந்த சாம்பா இருந்தாலும் மேலே இருக்கும் நிர்வாக மென்பொருள் மூடியது. உற்பத்தியாளர் அப்டேட்டை நிறுத்திவிட்டால் உள்ளே இருக்கும் திறந்த மூலத்தையும் உங்களால் புதுப்பிக்க முடியாது. திறந்ததும் மூடியதும் சேர்ந்த மோசமான கலவை அது.

அடுத்தது, கெர்னல் அளவில், அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள், ஓடும் வேற்று நிரல்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஃப்எல்டிஎம்சி என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது அது யார் யார் கை வழியாகப் போகிறது என்ற பட்டியல் வரும்: ஆன்டிவைரஸ், பேக்கப், கிளவுட் ஒத்திசைவு என்று. ஷேர் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்ற புகார்களில் கணிசமானவை இந்தப் பட்டியலில் முடியும். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ‘வேகப்படுத்தும்’ நிரல், ‘டிரைவர் அப்டேட் செய்யும்’ நிரல் எல்லாவற்றையும் யோசிக்காமல் நீக்குங்கள். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அந்த நிரல் கெர்னலில் இருந்ததுதான் சேதம் அவ்வளவு பெரிதாகக் காரணம்.

இரவோடு இரவாக மாறுவதற்குக் கடிவாளம் உண்டு. ப்ரோ பதிப்பில் பெரிய பதிப்பு மாற்றத்தை ஒரு வருடம் வரையும், மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை முப்பது நாள் வரையும் தள்ளிவைக்கலாம். பாதுகாப்பு அப்டேட்டை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள், வானாக்ரையில் அடிவாங்கியவர்கள் தள்ளியவர்கள்தான். ஒரு கணினியை மட்டும் முன்னால் விட்டு, இசட்டும் பேக்கப்பும் பிரிண்டரும் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

லினக்ஸுக்கு மாறலாமா? மேசைக் கணினிகளை இந்தக் காரணத்துக்காக மாற்ற வேண்டாம். பன்னிரண்டு பேருக்கும் பழக்கம் மாற்றி, கணக்கு மென்பொருள் ஓடுமா என்று பார்த்து, நீங்கள் ஒரு வருடம் தூங்க மாட்டீர்கள். மாற்றினாலும் டிரைவ் கோளாறு வரும். பிழைச் செய்தி மட்டும் வேறாக இருக்கும். கோப்புகள் இருக்கும் இடத்தை மாற்றுவது வேறு விஷயம். நாஸின் நிர்வாகப் பக்கத்தில் கடைசி ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று வருடம் பழையதாக இருந்து, உற்பத்தியாளரும் அந்த மாடலைக் கைவிட்டிருந்தால், ஒரு சாதாரணக் கணினியில் லினக்ஸும் சாம்பாவும் போட்டு, தினசரி ஸ்னாப்ஷாட்டோடு (அன்றைய நிலையின் நகல்) அதை உங்கள் கோப்பு சர்வராக வையுங்கள். ஊழியர்களுக்கு இசட் இசட்டாகவே தெரியும். பழைய பெட்டியை அழிப்பதற்கு முன் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். இப்போது உங்கள் பேக்கப் எத்தனை நாளாக ஓடவில்லை என்பது உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

எஸ்எம்பி1-ஐ அணைத்ததும் ஏதாவது நின்றுபோனால், அது பெரும்பாலும் பழைய ஜெராக்ஸ் மெஷினின் ‘ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பு’ வசதியாக இருக்கும். அதற்காக எஸ்எம்பி1-ஐத் திரும்ப இயக்காதீர்கள். மெஷினுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்கேன் மின்னஞ்சலில் வரட்டும்.